ஃபேசியா போர்டு ஒட்டுறதுக்குள்ள உசுரு போகுது: ரொம்ப நாளா யூஸ் பண்றவன் சொல்றேன்

கூட வேலை பாத்த மச்சான் ஒருத்தன் மெசேஜ் பண்ணியிருந்தான், நீ யூஸ் பண்றியே அந்த பில்டிங் டிசைன் சாஃப்ட்வேர், வருஷ சந்தா விலை இறக்கியிருக்கான், வாங்கலாமா வேணாமான்னு. ரெண்டு வரியில பதில் போடலாம்னு தான் ஆரம்பிச்சேன், முடியல, கை நிக்கல. பேரு எழுத மாட்டேன், எழுதினா அதோட ரசிகர் மன்றம் வந்து சண்டைக்கு நிக்கும். சுவரு, கதவு, செக்‌ஷன், ஷீட் செட்டப் இதப்பத்தி எல்லாம் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு தகராறு கூரையோட ஓரத்துல மட்டும் தான்.

தண்டையார்பேட்டையில உக்காந்துக்கிட்டு அமெரிக்காக்காரன் வீட்டுக்கு ட்ராயிங் போடுற பொழப்பு நமக்கு. இங்க எல்லாம் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவரு, மிஞ்சிப்போனா மேல ஒரு தகர ஷெட்டு. அங்க மர ரேஃப்டர் (கூரைய தாங்குற சாய்வுக் கட்டை), அதோட நுனிய மூடி ஃபேசியா பலகை, அதுல தான் மழைத்தண்ணி ஓடுற கால்வாய் (கட்டர்) மாட்டுவான், கீழ சாஃபிட், அதாவது ஓரத்தோட அடிப்பக்கத்த மூடுற பலகை. இந்த சாஃப்ட்வேர்ல ஃபேசியாவுக்குன்னு தனி டூலே இருக்கு, ஓரத்த க்ளிக் பண்ணா பலகை வந்து ஒட்டிக்கும். டெமோ வீடியோவுல பாத்தா கண்ணுல தண்ணி வரும், அவ்ளோ அழகு. ஏன்னா டெமோவுல எப்பவும் நாலு பக்கமும் சாயுற ஹிப் ரூஃப் தான் காட்டுவான், நாலு ஓரமும் ஒரே மட்டம், மூலையில ரெண்டு பலகையோட முனையும் சாய்வா வெட்டி கச்சிதமா சேரும், அதான் மைட்டர்.

கேபிள் ரூஃப் (ரெண்டு பக்கம் மட்டும் சாயுற கூரை) போட்டுப் பாரு, அப்ப தெரியும் சேதி. பக்கவாட்டு ஓரம் மட்டமா ஓடுது, முன்பக்க ஓரம் சாய்வா ஏறுது, ரெண்டும் சேர்ற அந்த ஒரு மூலை தான் என் நிம்மதிய கெடுக்குது. 1க்கு 8 இன்ச் பலகைன்னு சொல்றாங்களே, அதோட நிஜ அகலம் 7¼ இன்ச். மட்டமான ஓரத்துல அது நேரா நிக்குறப்ப 7¼ தான். சாய்வான ஓரத்துல அதே பலகைய வெச்சு செங்குத்தா வெட்டினா, 12க்கு 12 ஸ்லோப்புல (12 இன்ச் கிடையா போனா 12 இன்ச் ஏறும்) அந்த வெட்டு முகம் 10¼ இன்ச் ஆயிடும். மேல் விளிம்பு சேரும், கீழ 3 இன்ச் வித்தியாசம். சைட்ல தச்சன் இத ஒரு துண்டு பலகை வெச்சோ, ஓரத்த கொஞ்சம் மடக்கி திருப்பியோ அஞ்சு நிமிஷத்துல சமாளிச்சுட்டு போயிடுவான். இந்த சாஃப்ட்வேர்க்காரன் என்ன பண்றான், ஒரு செட்டிங்ல மூலையில ஓட்டை விடுறான், இன்னொரு செட்டிங்ல மீன் செதில் மாதிரி ஒரு துருத்தல் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, மூணாவதுல மைட்டர் போட முடியலன்னு மஞ்ச பாக்ஸ் ஒண்ணு. அப்புறம் நான் தனியா ஒரு கட்டைய வரைஞ்சு, வாய்டு (வெட்டி எடுக்குற வடிவம்) போட்டு வெட்டி, பூசி மொழுகி விடணும், ஒவ்வொரு மூலைக்கும்.

நியாயமா சொல்லணும்னா ரேஃப்டர் வெட்டுக்கு குடுத்திருக்கிற ஆப்ஷன் பிரமாதம். 2க்கு 6 ரேஃப்டர் நிஜத்துல 5½ இன்ச், 6க்கு 12 ஸ்லோப்புல செங்குத்தா வெட்டினா 6 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல வரும், 7¼ பலகை மூடிடும். 12க்கு 12ல கிட்டத்தட்ட 7¾ ஆயிடும், அடியில நாலு நூல் (அரை இன்ச்) வெளிய தெரியும். இங்க அடிப்பாகத்த மட்டும் தனியா வெட்டுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆழம் குடுத்தா போதும், சுத்தமா உக்காருது. இத யோசிச்சவனுக்கு அந்த மூலைய யோசிக்க தெரியலையா? அதான் எரிச்சல்.

அடுத்தது ரெண்டு ஸ்லோப். ஒரு பக்கம் 6க்கு 12, இன்னொரு பக்கம் 12க்கு 12, ரெண்டுக்கும் சுவத்துக்கு வெளிய 18 இன்ச் நீளுற ஓவர்ஹேங்னு போட்டா ஒண்ணு 9 இன்ச் இறங்கும், இன்னொண்ணு 18 இறங்கும், ஃபேசியா எப்படி சேரும்? செங்குத்தான பக்கம் ஓவர்ஹேங்க 9ஆ கொறைக்கணும், இல்ல அந்த சுவத்த 9 இன்ச் ஏத்தணும், ரேஃப்டர் கனத்தையும் சேர்த்து பாத்தா மேல்விளிம்பு கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். இது கணக்கு, சாஃப்ட்வேர் மேல தப்பு சொல்ல மாட்டேன், ஓரத்த மட்டப்படுத்த டூலும் குடுத்திருக்கான். ஆனா அத தட்டினதும் ஏற்கனவே ஒட்டின ஃபேசியா சில நேரம் காணாமலே போயிடுது பாருங்க, அது தான். ரூஃப் அவுட்லைன்ல ஒரு கோட்ட டிலீட் பண்ணி புதுசா போட்டா அந்த பக்கத்து பலகை செத்துது, கோட்ட இழுத்து நகத்தினா மட்டும் பொழைக்கும். அதே மாதிரி எல்லா ஓரத்தையும் ஒரே மூச்சுல க்ளிக் பண்ணிடணும், பாதியில விட்டுட்டு அப்புறம் வந்து ஒட்டினா அது தனி பீஸ், மூலையில சேராது.

இவ்ளோ திட்டுறேனே, இதே டூல் காலடிப்பேட்டையில என் மானத்த காப்பாத்துச்சு. சொந்தக்காரர் வீட்டு மாடியில கலர் ஷீட் ஷெட். கடல் பக்கம், உப்புக்காத்து, வர்தா புயல்ல (2016 டிசம்பர்) அந்தத் தெருவுல ஷீட்டு பறந்தத பாத்தவரு. காத்து எப்பவும் ஓரத்தையும் மூலையையும் தான் மொதல்ல தூக்கும், அதனால ஓரத்துக்கு ஃபிளாஷிங் (ஓரத்த மூடுற மடிச்ச தகரம்) ஒழுங்கா வேணும்னு பிடிவாதமா இருந்தாரு. நான் ஃபேசியா டூல்லயே பலகைக்கு பதிலா ஃபிளாஷிங் மடிப்ப ப்ரொஃபைலா வரைஞ்சு சுத்தி ஓட விட்டேன். பத்து டிகிரி சாய்வு தான், 6 இன்ச் மடிப்புக்கு மூலையில வர்ற வித்தியாசம் ஒரு நூலுக்கும் கம்மி, அப்படியே சேர்ந்துடுச்சு. ரன்னிங் ஃபீட் கணக்கும் பட்டியலா தானா வந்துது. வெல்டிங் பட்டறை அண்ணன் பிரிண்ட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு, "இன்னா தம்பி, மடிப்பெல்லாம் கரீட்டா கீது, இத வெச்சே வெட்டிடவா?"ன்னு கேட்டாரு. வெட்டினாரு. ஒரு துண்டு கூட வேஸ்ட் ஆகல. நம்ம ஊரு தகரத்துக்கு இவ்ளோ ஒழுங்கா வேலை செய்யுது, எந்த வீட்டுக்குன்னு செஞ்சு விக்கிறானோ அந்த வீட்டு மூலையில வந்து மண்டையப் போடுது.

சரி மச்சான், வாங்கலாமான்னு கேட்டியே. வாங்காத. நான் ரினியூ பண்ணிட்டேன், க்ளையன்ட் இந்த ஃபைல் தான் கேக்குறான், எனக்கு வேற வழியில்ல, என்னைப் பாத்து நீ காச கொட்டாத. அப்படியும் ஆசை விடலன்னா ஓசி ட்ரையல் இருக்கு, அதுல மொத வேலையா 12க்கு 12 கேபிள் ஒண்ணு போட்டு ஃபேசியா ஒட்டி அந்த மூலைய ஜூம் பண்ணு, அப்புறம் ரூஃப்ல ஒரு கோட்ட டிலீட் பண்ணி திரும்ப போடு, அதுக்கப்புறமும் உனக்கு பிபி ஏறலன்னா வாங்கிக்கோ.