மூட்டு மாற்றிய பின் பதினான்கு மாதம்: நடையை எண்ணும் கைப்பட்டையும் நானும்

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. மதுரையில் சிகிச்சை முடிந்து காரைக்குடி வீட்டுக்கு வந்த அன்றே, நடையை எண்ணும் பட்டை ஒன்றை மகன் என் மணிக்கட்டில் கட்டிவிட்டான். மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண வகை. சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் உறவினர்கள், இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபட ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதப் பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

முதல் ஏமாற்றம் வாக்கரோடு நடந்த நாட்களில். எங்கள் வீட்டு நிலைவாசல் படி உயரம். வாக்கரோடு தாண்ட முடியாது. அதனால் வளவுக்குள்ளேயே, அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலேயே, நடை. தூண்களை ஒட்டி ஒரு சுற்று வந்தால் எனக்கு நூற்றுப் பத்து காலடி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, துடைத்த ஈரம் காயாமல் கால் வைத்தால் வழுக்கும். ஆகவே பத்து மணிக்கு மேல்தான் தொடங்குவேன். என் கணவர் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவார். மூன்றாவது கொட்டை விழுந்ததும் பட்டையைப் பார்த்தேன். 14 என்று இருந்தது. "முந்நூறைத் தாண்டிவிட்டாயே, இது என்ன பதினான்கு என்கிறது?" என்று அவரே திகைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த அடிகள் அத்தனையும் கணக்கில் இல்லை.

எனக்குப் பிசியோதெரபி கொடுக்க வரும் பெண்தான் காரணம் சொன்னாள். பட்டைக்குள் அசைவை உணரும் சிறு கருவி இருக்கிறது. கை வீசுவதை வைத்தே அது காலடியைக் கணிக்கிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. "ஆச்சி, இதைக் கழற்றி நல்ல காலின் கணுக்காலில், காலுறைக்கு மேல் கட்டிப் பாருங்கள்" என்றாள். மறுநாள் மூன்று கொட்டைக்கு 290 காட்டியது. அங்கே கட்டினால் இதயத் துடிப்புக் கணக்கை நம்ப முடியாது, பரவாயில்லை. கைத்தடிக்கு மாறிய பிறகு, தடி பிடிக்காத வலது கையில் கட்டிக்கொண்டேன். மாற்றிய கால் வலது என்பதால் தடி இடது கையில்.

இனி நான் செய்த பெரிய தவறு. செயலியில் தினசரி இலக்கு 10,000 என்று இருந்தது. இந்த எண் மருத்துவர்கள் வகுத்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருளுடையது. அங்கிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. நான் அதைக் குறைத்து 2,500 என்று வைத்தேன். நான்காவது வாரம், 1,100-இல் இருந்தவள், இலக்கை எட்டினால் செயலியில் நிறையும் வட்டம் நிறைய வேண்டும் என்ற ஆசையில் ஒரே நாளில் 2,600 நடந்தேன். வட்டம் பச்சையாக நிறைந்தது. மறுநாள் காலை முட்டிச்சில்லே தெரியாத அளவுக்கு வீக்கம், தொட்டால் சூடு. 95 பாகை வரை மடங்கிய கால் 80-க்கு மேல் மடங்க மறுத்தது. இழந்ததை மீட்க ஒன்பது நாள் பிடித்தது.

அதன்பிறகு தையல் டேப்பைக் கட்டில் அருகே வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் முட்டிச்சில்லின் நடுவே சுற்றளவு எடுத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் இரண்டு எண்களை எழுதுவேன்: நேற்றைய காலடி, இன்றைய சுற்றளவு. சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அன்று நடையைக் குறைத்து, காலைத் தலையணையில் உயர்த்தி ஐஸ் வைப்பேன். இரண்டு மூன்று நாள் ஏறாமல் இருந்தால் மட்டும் நூறோ இருநூறோ கூட்டுவேன். பட்டையின் எண் எனக்கு எட்டவேண்டிய உயரமாக இல்லாமல், தாண்டக்கூடாத வரப்பாக மாறியது அப்போதுதான்.

பட்டை செய்த மிகப் பெரிய உதவி, ஒரு மணி நேரம் அசையாதிருந்தால் அதிர்ந்து எழுப்பியது. ஒரேயடியாக நீண்ட நடையைவிட, மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நடந்தது என் காலுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. தூக்கக் கணக்கு மட்டும் வீண். வலியில் இரண்டு மணியும் மூன்று மணியும் அடித்ததைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்த இரவை, ஏழு மணி நேர உறக்கம் என்று காட்டியது. கோடையில் பட்டைக்கு அடியில் வியர்வை தங்கித் தடித்துப்போகும். தினமும் கழற்றிக் கழுவித் துடைக்க வேண்டும்.

கால் எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது என்பது பட்டைக்குத் தெரியாது. படுத்தபடி குதிகாலை இழுத்து மடக்கும் பயிற்சியும் தொடையை இறுக்கும் பயிற்சியும் அதன் கணக்கில் பூஜ்யம். எண் நன்றாக இருக்கிறது என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் கசிவு தெரிந்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கைத்தடியில்லாமல் நாளுக்கு ஐந்தாயிரம் காலடி நடக்கிறேன். சுற்றளவு எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். போன மாதம் குன்றக்குடி மலைக்கோயிலுக்குப் போனபோதுதான் டேப்புக்கு மறுபடி வேலை வந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தபடியே, கைப்பிடியை விடாமல் ஏறி இறங்கினேன். அன்று பட்டை காட்டியது 2,300, வழக்கத்தில் பாதிகூட இல்லை. என் பட்டைக்குப் படியும் சமதளமும் ஒன்றுதான். மறுநாள் காலை டேப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. இரண்டு நாள் ஐஸ் வைத்துப் படுத்திருந்தேன். முருகனை மூன்று வருடத்துக்குப் பிறகு பார்த்திருந்தேன்.