மாடல் ரயில் எஞ்சினை டிசிசிக்கு மாற்றக் கொடுக்கிறீர்களா? மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வாங்கிய எஞ்சின் அது. அதர்ன் நிறுவனம் நீலப் பெட்டியில் விற்ற ஜிபி38-2 டீசல் எஞ்சினின் மாடல், எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு). போன வருடம் வீட்டில் டிசிசி, அதாவது ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை, போட்டதும், அதையும் இன்னொரு பழைய எஞ்சினையும் மாற்றித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். ரயில் கண்காட்சி ஒன்றில் மேசை போட்டிருந்தவர். எஞ்சினுக்கு 95 டாலர். டீகோடர் (கட்டளையைப் புரிந்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு சர்க்யூட்), புது வார்ம் ஒயிட் எல்இடி, வேலைக்கூலி எல்லாம் சேர்த்து. வாங்கப் போனபோது மேசையிலேயே ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டினார். விளக்கு எரிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் விளக்கைப் போட்டபடி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு வேறு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கூட ஆகியிருக்காது, பிளாஸ்டிக் தீயும் வாடை. ஓட்டுநர் அறையின் கூரை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே எல்இடியே இல்லை. அந்தக் காலத்துப் பல்பையே டீகோடரின் முன்விளக்கு வயர்களான நீல வயரிலும் வெள்ளை வயரிலும் முறுக்கி, கறுப்பு டேப்பால் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார்.

இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத பல்பு இப்போது ஏன் சுட்டது? பழைய டிசியில், அதாவது தண்டவாள வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் முறையில், எஞ்சின் நின்றால் தண்டவாளத்தில் மின்சாரமே இருக்காது, மெதுவாகப் போனால் பல்பும் மங்கலாகத்தான் எரியும். டிசிசியில் எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் முழு வோல்டேஜ், எச்ஓவுக்கு 14, 15 வோல்ட், எப்போதும் இருக்கிறது. பல்பு நின்ற இடத்திலேயே முழுச் சூட்டில் எரியும். முன்பு அதைச் சுற்றிக் காற்றாவது இருந்தது. இவர் டேப் போட்டு அதையும் அடைத்துவிட்டார். இந்த வேலை செய்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்காது.

சரி, இரண்டாவது எஞ்சினாவது தேறுமா என்று பார்த்தேன். அதில் எல்இடி இருந்தது, 1,000 ஓம் ரெசிஸ்டரும் இருந்தது. இரண்டு வாரம் நன்றாக எரிந்து, ஒரு நாள் முன்விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. வெள்ளை வயரும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் ஈயம் வைக்கவில்லை, வெறுமனே முறுக்கி விட்டிருந்தார். மேலே உறையும் இல்லை. ஓடுகிற அதிர்வில் அது நகர்ந்து எஞ்சினின் அடியிலுள்ள உலோகச் சட்டத்தில் பட்டிருக்கிறது. இந்த ரக எஞ்சின்களில் சட்டமே ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்தது. ரெசிஸ்டரைத் தாண்டாமல் மின்சாரம் நேராக டீகோடருக்குள் போய் வெள்ளை வயரின் வெளியீடு செத்துவிட்டது.

போன் செய்தேன். "உங்கள் சிஸ்டத்தில் வோல்டேஜ் அதிகம்" என்றார். மல்டிமீட்டரோடு படம் அனுப்பினேன். எல்இடிக்குக் காசு வாங்கிவிட்டு பல்பு ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு பதிலே இல்லை. 190 டாலர் போனதை விட அந்தக் கூரைதான் இன்னும் மனதை அறுக்கிறது.

நீங்கள் வாங்கப் போகும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தயங்கினால் வேலை எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு எல்இடிக்கும் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு இருந்தால் 1,000 ஓம். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போதும், மிச்சத்தை ரெசிஸ்டர்தான் தாங்குகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஈயமும் சூட்டில் சுருங்கும் உறையும் இருக்க வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் இரண்டு முனைக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று பாருங்கள். நீலப் பெட்டி எஞ்சினில் மோட்டாரின் அடிப்பக்கக் கிளிப் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் விட்டால் டீகோடர் முழுவதுமே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் முதலில் புரோகிராமிங் தடத்தில் (டீகோடரின் அமைப்புகளை எழுதவும் படிக்கவும் உள்ள தனித் தண்டவாளம்) வையுங்கள், அங்கே மின்சாரம் குறைவு, தவறு இருந்தாலும் டீகோடர் பிழைக்கும்.

இரண்டாவது எஞ்சினை நானே சரிசெய்தேன். டீகோடரில் சும்மா கிடந்த பச்சை வயருக்கு முன்விளக்கை மாற்றிக் கட்டி, எந்தப் பொத்தானுக்கு எந்த வயர் என்று சொல்லும் அமைப்பான சிவி 33-இல் 4 என்று எழுதினேன். இப்போது விளக்குப் பொத்தானான எஃப்0 அழுத்தினால் எரிகிறது. ஜிபி38-2-க்கு மேல்மூடி தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது உதிரியாக இருந்தால் சொல்லுங்கள், எந்த வண்ணமானாலும் பரவாயில்லை.