படிவமா, பட்டறையா?

ஐடிஐயில் ஃபிட்டர் தொழில் (உலோகத் துண்டுகளை அராவிப் பொருத்தும் வேலை) சொல்லித்தரும் மாஸ்டர்கள் நிமி புத்தகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. நிமி என்றால் ஐடிஐகளுக்குப் பயிற்சி நூல் தயாரிக்கும் கிண்டி நிறுவனம். கேள்விப் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கலாம்; இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பிலேயே போய் உட்காரலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். ஒன்றுதான் முடியும் என்றால் ஒர்க்‌ஷாப்புக்கே போவேன்.

படிவத்தில் செலவில்லை, அலைச்சலில்லை. ஆனால் ‘புத்தகப்படி நடத்துகிறீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்று யார் எழுதுவார்கள்? எல்லோரும் ‘எப்போதும்’ என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப்பிலும் முதல் நாள் நாடகம்தான். துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குப் பக்கத்தில் புத்தகம் விரிந்தே கிடக்கும். மூன்றாம் நாள் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அப்புறம்தான் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடிந்தது: ஒரு பையனின் ஜாப், அதாவது அவன் செய்யும் பயிற்சித் துண்டு, அளவு தவறினால் மாஸ்டர் என்ன செய்கிறார்?

என் கணக்கில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு, ஐடிஐ பாடத்திட்டத்தில் ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும் மதிப்பீட்டு அளவுகோல் வந்துவிட்டது. கை படிந்தால்தான் அடுத்த பாடம் என்பதே அதன் அடிப்படை. ஆனால் டைம்டேபிள் வாரக் கணக்கில் ஓடுகிறது. செய்முறையில் 60 சதவீதம் எடுத்தால் பாஸ்.

‘டி’ ஃபிட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். T வடிவத் துண்டு ஒன்றை அதே வடிவப் பள்ளத்தில் (ஸ்லாட்) கச்சிதமாகப் பொருத்தும் ஜாப் அது. ±0.04 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ஸ்லாட் ஒருமுறை பெரிதாகிவிட்டால் அரத்தால் அதைத் திரும்பக் குறைக்க முடியாது. புதுத் துண்டுதான் வெட்ட வேண்டும். ஒரு மாஸ்டர் வெர்னியரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பாஸ் மார்க் போட்டு அடுத்த ஜாப்பைக் கொடுத்துவிட்டார். இன்னொரு இடத்தில் மாஸ்டர் ஸ்கிராப்பில் ஒரு துண்டு தேடி, ஸ்லாட்டை மட்டும் மறுபடி போடச் சொன்னார். இவர் மேசையில் புத்தகமே இல்லை, படத்தைக் கரும்பலகையில் தானே வரைந்திருந்தார். புத்தகம் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து மார்க் போட்டிருந்தால் இவர்தான் கடைசியில் நின்றிருப்பார். அந்தப் பையன் திணறியபோதுதான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அரத்தைப் பிடிக்கும் விதத்தைக் காட்டும் பக்கத்தை அவன் முன்னால் வைத்தார்.

படிவத்தை அடியோடு ஒதுக்கவும் மனம் வரவில்லை. முதல் மாஸ்டரின் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ‘குறைகள்’ பகுதியில் ‘மெட்டீரியல் போதவில்லை’ என்று அழுத்தி எழுதியிருந்தார். அவரை அவசரப்பட்டுக் குறை சொல்லாமல் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ரெக்கார்டு நோட்டு? தேதியெல்லாம் வரிசையாக, அழகாக இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று நாள் உட்கார நேரமில்லாதவர்கள், ரேக்கில் முடித்து வைத்த ஜாப்பில் ஐந்தாறை எடுத்துத் தாங்களே அளந்து, நோட்டில் உள்ள மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓரளவு பிடிபடும்.

நான் பார்த்தது ஃபிட்டர் மட்டும், அதுவும் நாலைந்து இடங்களில். வெர்னியர் வைத்து அளக்க முடியாத தையல், கம்ப்யூட்டர் டிரேடுகளில் இதே வழி எடுபடுமா என்பதை அங்கே உட்கார்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.