பழைய ஹைபிரிட் கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 11,40,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நேற்று சாயங்காலம்தான் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து பாபநாசம் வந்து சேர்ந்தேன். கார் அங்கே சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. ஹைபிரிட் காரின், அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த காரின், நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நல்லது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரேக் பிடிக்கும்போதே பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்ளும். பிளக் தேடி அலைய வேண்டாம். முகூர்த்த நாளில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்ந்தபோது எஞ்சின் நின்று, மோட்டாரிலேயே சத்தமில்லாமல் நகர்ந்தது. பெட்ரோல் மிச்சமாவது அந்த மாதிரி நெரிசலில்தான். பைபாஸில் ஒரே சீராகப் போனால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

வாங்கியது திருச்சி பைபாஸ் ஓரத்தில், பழைய கார் விற்கும் ஒரு பெரிய ஷோரூமில். 2022 மாடல், சென்னைப் பதிவு, ஒரே ஓனர். விலை 11,40,000 ரூபாய். அந்த விற்பனைப் பையன் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு முதலில் கேட்டது காரைப் பற்றி இல்லை. "மேட்டூர் திறந்துட்டாங்களே சார், உங்க பக்கம் தண்ணி வந்துடுச்சா? எங்க அப்பாவும் திருவையாறு பக்கம் குறுவை நட்டிருக்காரு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். நம் ஊர்ப் பிள்ளை, பொய் சொல்ல மாட்டான் என்று தோன்றியது. "பேட்டரிக்கு கம்பெனியே 8 வருஷம் வாரன்ட்டி தருது சார், பயமே வேண்டாம்" என்றான். உள்ளே மல்லிகை சென்ட் தூக்கலாக அடித்தது. ஏன் இவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து வாங்கிய பணமும் அந்த 11,40,000-இல் இருக்கிறது.

மூன்றாவது வாரம் அய்யம்பேட்டை தாண்டியதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி நின்றுவிட்டது. ஆரஞ்சு வயரைப் பார்த்ததும் உள்ளூர் மெக்கானிக் கையை எடுத்துவிட்டார். அது உயர் மின்னழுத்த வயர், அவர் மேல் தப்பில்லை. தஞ்சாவூருக்கு இழுத்துப் போனோம். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, பேட்டரி மூடியைக் கழற்றி, சர்வீஸ் சென்டர் தம்பி டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் இடுக்கில் காய்ந்த சேறு. இணைப்புகளில், தேய்க்காத செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. காவிரி வண்டலில் பிறந்து வளர்ந்தவன் நான். இது அந்த மண் இல்லை; கறுப்பு, சாக்கடை வாடை. "சார், வண்டி தண்ணில முழுகியிருக்கு" என்றார். கம்பெனி ரெக்கார்டிலேயே இருந்தது: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். தண்ணீர் புகுந்த பேட்டரிக்கு வாரன்ட்டி கிடையாதாம். புதிது போட மூன்றரை லட்சத்துக்கு மேல்.

ஷோரூமுக்குப் போன் போட்டேன். முதல் நாள், "லைட்டு, ஹாரனுக்கு இருக்கிற சின்ன பேட்டரி வீக்கா இருக்கும் சார்". இரண்டாம் நாள் மேனேஜர் லீவு. அப்புறம், "எங்க வாரன்ட்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான்". திருவையாற்றுப் பையன் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். நேரில் போனால், டோக்கன் எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் வந்து, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்று தாளை நீட்டினார். 11,40,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கெட்டதை விரிவாக எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. பழைய ஹைபிரிட் வாங்குகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் பதிவெண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய ரெக்கார்டைக் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். என் காரில் பெல்ட்டின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இருந்தது, நேற்றுதான் பார்த்தேன். சென்ட் வாடை தூக்கலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் தாளை முழுதாகப் படியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்த ஷோரூம் திருச்சியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இதே மாதிரி வெள்ளத்தில் கிடந்த கார் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் டெல்டாவில் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.