ஒரு மி.லி.யா, ஒரு சொட்டா? கைக்குழந்தைக்கு வாங்கிய இரண்டு வைட்டமின் டி மருந்துகள்

என் மகன் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவன். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மருத்துவர் வைட்டமின் டி3 எழுதிக் கொடுத்துவிட்டார், தினம் 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. வெயிலில் காட்டிச் சரிக்கட்டலாமே என்றால், ஆறு மாதம்கூட ஆகாத குழந்தையை நேரடி வெயிலில் வைக்க வேண்டாம் என்றார். இது இல்லாமல் விட்டால் எலும்பு வலுவிழந்து, கால் வளையும் ரிக்கெட்ஸ் வரை போகலாம். ஆகவே கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு இல்லை. எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு வகை வாங்கிப் பார்த்துவிட்டேன். உள்ளே இருக்கும் வைட்டமின் இரண்டிலும் ஒன்றுதான். அளந்து கொடுக்கும் விதம்தான் வேறு. என் மதிப்பீடு முழுக்க அதைப் பற்றியதுதான்.

முதலாவது, 1 மி.லி.யில் 400 ஐ.யூ. உள்ள இனிப்பான திரவம், கூடவே ஒரு டிராப்பர். எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் நான் வாங்கிய பாட்டிலின் டிராப்பரில் அச்சடித்திருந்த கோடுகள் வெந்நீரில் கழுவக் கழுவ மங்கி, கடைசியில் 1 மி.லி. கோடே காணாமல் போய்விட்டது. கைக்குழந்தை மருந்தில் இதை மன்னிக்கவே முடியாது. மருந்துக் கடையில் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சு ஒன்று கேட்டு வாங்கி, அதிலேயே அளந்தேன். 2010இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்ததும் இதே மாதிரியான விஷயத்தைத்தான். சில தயாரிப்புகளோடு வரும் டிராப்பர், குழந்தைக்குத் தேவையான அளவைவிட அதிகமாக உறிஞ்சக்கூடியது, நிறைத்துக் கொடுத்தால் மருந்து மிஞ்சிப்போகும் என்றது. இன்னொன்றும் கவனியுங்கள்: 1 மி.லி.யில் 800 ஐ.யூ. உள்ளதும் விற்பனையில் இருக்கிறது. அதில் 400க்கு அரை மி.லி. போதும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையைப் படித்தே ஆகவேண்டும்.

அப்புறம், பிறந்த குழந்தைக்கு 1 மி.லி. என்பது கொஞ்சமில்லை. வேகமாக அழுத்தினால் புரை ஏறிவிடும். 2017இல் பிரான்ஸில் ஒரு வைட்டமின் டி மருந்தின் விற்பனையையே நிறுத்தினார்கள். அதைக் குழலால் வாயில் செலுத்தியபோது ஒரு பச்சிளங்குழந்தை இறந்துபோனதுதான் காரணம். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவன் விழுங்கிய பிறகு அடுத்தது. தொண்டையை நோக்கிப் பீய்ச்சவே கூடாது.

இரண்டாவது எண்ணெய் வகை. ஒரே சொட்டில் 400 ஐ.யூ. சேர்மானப் பட்டியலில் டி3, தேங்காயிலிருந்து பிரித்தெடுத்த எம்.சி.டி. என்ற ஒருவகை எண்ணெய், அவ்வளவுதான். நிறமில்லை, இனிப்பில்லை. பால் கொடுக்கும் முன் காம்பில் ஒரு சொட்டு விட்டால் முடிந்தது, குழந்தை முகம் சுளிப்பதில்லை. பாட்டிலை நேராகக் கவிழ்த்துப் பிடித்துப் பொறுமையாக இருக்க வேண்டும், எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும். உதறினால் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்துவிடும். அப்படி என்றைக்காவது விழுந்தாலும் பதற வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு என்று சொல்லப்படுவது 1000 ஐ.யூ., இரண்டு சொட்டு 800தான். அதையே வழக்கமாக்கிவிடக் கூடாது.

இந்தச் சின்னப் பாட்டிலில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. பழைய டிராப்பரைக் கழுவிப் பத்திரமாக வைத்திருந்த அம்மா, அதை இந்தப் பாட்டிலில் விட்டபடியே, "இதுல எதுவரைக்கும் எடுக்கணும்டி?" என்று கேட்டார். கேட்டாரே, நல்லவேளை. இந்த எண்ணெயின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03 மி.லி. பழைய பழக்கத்தில் 1 மி.லி. கொடுத்தால் 13,000 ஐ.யூ.க்கு மேல் உள்ளே போகும்! வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிஞ்சினால் சிறுநீரில் சட்டென்று வெளியேறாது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறிக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், பாலில் நாட்டமின்மை, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். அன்றைக்கே அந்த டிராப்பர் குப்பைக்குப் போனது.

ஆகவே என் தேர்வு இது. தாயே பால் கொடுக்கும்போது தானே கொடுத்துவிடுகிற வீட்டுக்கு ஒரு சொட்டு வகைதான் சிறந்தது, நான் அதற்கே மாறிவிட்டேன். பாட்டி, அப்பா, பார்த்துக்கொள்ள வருபவர் என்று கைமாறிக் கொடுக்கிற வீட்டுக்கு மி.லி. வகையும் ஒரு சிரிஞ்சும்தான் நல்லது. எந்த வகையானாலும் காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு டிக் போடுங்கள். இல்லையென்றால் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

ஃபார்முலா பால் நாளுக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே டி கிடைத்துவிடும், தனியாகத் தேவைப்படாது. மல்டிவைட்டமின் சொட்டு மருந்து ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் அதில் டி இருக்கிறதா என்று பாருங்கள். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவர் சொல்லும் அளவுதான் கணக்கு.

எண்ணெய் வகை தயாரிப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முன்பக்கம் '400' என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், 'ஒரு நாளுக்கு ஒரே சொட்டு' என்பது பக்கவாட்டில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதைத்தான் முன்னால் போட வேண்டும். நானே மார்க்கரால் மூடிமேல் '1 சொட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.