ஜே.எஸ். 335 சோயா விதை: மால்வா விவசாயியின் கணக்கில்

ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1994-இல் வெளிவந்த ஜே.எஸ். 335, மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த, மால்வா பகுதி உள்ளிட்ட மத்தியப் பிரதேசக் கரிசல் நிலங்களில் சோயா வேரூன்றியதற்குப் பெரிதும் துணைநின்ற ரகம். ஏறக்குறைய 95 முதல் 100 நாட்களில் முற்றிவிடுவதாலும், அறுவடை சற்றுத் தாமதமானாலும் காய்கள் எளிதில் வெடித்துச் சிதறாததாலும், அடுத்துக் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைக்க நினைக்கும் விவசாயி இதை நீண்ட காலம் நம்பியிருந்தார்.

மணியில் சுமார் 40 சதவீதம் புரதம் இருந்தாலும், அவர் அதைப் புரதப் பயிராகக் கருதுவதில்லை; விளைச்சல் எண்ணெய் ஆலைக்கும், பிண்ணாக்கு கோழித் தீவனத்துக்கும் போய்விட, அவர் வீட்டு அடுப்பில் கொதிப்பதென்னவோ துவரம்பருப்புதான். ஆகவே அவருடைய மதிப்பீடு சத்தைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. 2024-25 பருவத்தில் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாயாக இருந்தும் சந்தை விலை அதற்குக் கீழே சரிந்தபோது, பலர் மக்காச்சோளத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினர்.

விதையின் குறைகளும் சிறியவை அல்ல. மெல்லிய தோல் காரணமாக முளைப்புத்திறன் விரைவில் குன்றும். மூட்டையைத் தூக்கி எறிந்தாலே பழுதுபடும். விதைப்பதற்கு முன் முளைப்புச் சோதனையும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரியை விதையில் பூசும் நேர்த்தியும் தவிர்க்கக் கூடாதவை. மஞ்சள் தேமல் நோய் அடிக்கடி தாக்கும் ஊர்களுக்கு இந்த ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.