படகு வயர்லெஸ் செட்: மூணு வருஷ அனுபவம், முக்கியமா உள்ள இருக்கற அந்த நம்பர் பத்தி

நான் இருக்கறது கொடைக்கானல், நாயுடுபுரம் பக்கம். மலைல இருக்கறவனுக்குக் கடல் வயர்லெஸ் எதுக்குன்னு கேப்பீங்க. தம்பி கொச்சில பழைய பாய்மரப் படகு ஒண்ணு வாங்கினான், முன்னாடி பிரிட்டன் கொடில ஓடினது, விஎச்எஃப் செட்டும் அதோடயே வந்துச்சு. மாசம் ஒரு தடவ இறங்கிப் போவேன், செட் வேலை எல்லாம் என் பொறுப்பு.

செட் நல்ல செட்தான். 25 வாட், ஹார்பருக்குள்ள 1 வாட்டுக்குக் குறைச்சுக்கலாம், ஆபத்துன்னா கூப்புடற 16ம் சேனல் தெளிவா கேக்கும். உப்புக்காத்துல ஆன்டெனா கனெக்டர் பச்சை பூத்துடுது, ரெண்டு தடவ மாத்தியாச்சு.

முதல் வருஷம் மழை ஆரம்பிச்சதும் செட்டைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, துடைச்சு, 12 வோல்ட் பேட்டரில போட்டு மெனுவத் தட்டிட்டே போனா எம்எம்எஸ்ஐ நம்பர், அதாவது வயர்லெஸ்ல படகை அடையாளம் காட்டுற நம்பர், வந்து நின்னுச்சு, ஒம்பது இலக்கம், ஆரம்பமே 235. வயித்தக் கலக்கிடுச்சு. இந்தியப் படகுன்னா 419ல ஆரம்பிக்கணும், 235 பிரிட்டனோடது. நடுக்கடல்ல ஆபத்துன்னு செட்ல இருக்கற சிவப்பு பட்டனை அமுக்கினா, பேச்சு இல்லாம டிஜிட்டல் சிக்னல் மட்டும் போற 70ம் சேனல்ல இந்த நம்பர்தான் போகும், பதில் வர்ற வரைக்கும் நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் தானா போயிட்டே இருக்கும். தேடுறவங்க கைல கிடைக்கறது பழைய ஓனரோட விவரம். தம்பி கடல்ல தத்தளிக்க, போன் யார் வீட்டுலயோ அடிச்சிருக்கும்.

"அண்ணே, நாமளே மாத்திடலாம்ல?"ன்னான். முடியாது, எங்க செட்ல ஒருதரம் போட்டா பூட்டிக்கும், சர்வீஸ்லதான் அழிக்கணும். அனுப்பினோம், அழிச்சாச்சுன்னு திருப்பி அனுப்பினாங்க, ஆன் பண்ணா அதே 235! இன்னொரு தடவ அனுப்பி, சண்டை போட்டுதான் சரியாச்சு. அதனால பழைய செட் வாங்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி மெனுவுல அந்த நம்பரைப் பாத்துடுங்க. புது நம்பர் டிஜி ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் இயக்குநரகம்) தருது, லைசென்ஸ் தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூபிசி பிரிவு தருது. பேசுற ஆளுக்குத் தனியா சர்டிபிகேட் வேணும். ஜிபிஎஸ் ஒயரையும் சேத்துடுங்க, இல்லன்னா நம்பர் போகும், இடம் போகாது.

இங்க பசங்க சிலர் இதை ஏரி போட்டிங்குக்கு எடுத்துக்கலாமான்னு கேக்கறாங்க. வேண்டவே வேண்டாம்ப்பா. விஎச்எஃப் நேர்கோட்டுல போறது, உயரம் கூடக்கூட தூரம் கூடும், நாம நிக்கறது ஏழாயிரம் அடில. 16ல இங்கேர்ந்து அரட்டை அடிச்சா உசுருக்குக் கூப்புடறவன் குரல் அமுங்கிடும். ஏரிக்கும் ட்ரெக்கிங்குக்கும் 446 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் வேண்டாத சின்ன செட் இருக்கு, மஞ்சு மூடி கரை தெரியாத நேரத்துக்கு அதுவே போதும்.

இப்ப எங்க 419 நம்பரை சமையக்கட்டு அலமாரிக் கதவுல உள்பக்கமா எழுதி, கீழ கோஸ்ட் கார்டோட 1554ம் எழுதி வச்சிருக்கேன். நாங்க கடலுக்குப் போற அன்னிக்கு எத்தனை மணிக்குள்ள போன் வரணும்னு வீட்டுல அதுக்குப் பக்கத்துலயே பென்சில்ல குறிச்சு வச்சுக்குவாங்க.